மஞ்சள் சோப்பு சிவந்த மார்கழி

சோப்பு செய்யும் தொழிலில் கையால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதே அதிகம். வீட்டில் சோப்பு செய்து, அவசரப்பட்டு அச்சைத் தட்டி ஏமாந்த சகோதரிகளுக்கு நான் சொல்வது புரியும்.

யுத்தத்தால் பட்டணத்து சோப்பு சரியாக வராத சமயம். பெண்கள் கல்லூரியில் ரசாயனம் படித்துவிட்டு மல்லசமுத்திரத்துக்குத் திரும்பியிருந்த நான், அண்ணியோடு சேர்ந்து தோட்டத்துக் கொட்டகையில் சோப்பு செய்ய ஆரம்பித்தேன். நாலு பேர் முன்னால் எனக்குக் குரல் எழும்பாது. சோப்பும் பேசாது, அதனாலேயே எங்களுக்குள் ஒத்துப்போயிற்று. அப்பா ஒன்றே ஒன்று சொன்னார். தை பிறந்தால் கொட்டகை கடலை மூட்டைகளுக்கு. அதற்குள் ஒரு கடைக்காரராவது என் சோப்பை வாங்கினால் கொட்டகை எனக்கு.

வெல்ல அச்சு

முதல் சோப்புக்கு அச்சு இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் வெல்லம் காய்ச்சும் மாரப்பன் தம்முடைய அச்சுப் பலகையைக் கொடுத்தார். கடலையெண்ணெயும் எரிசோடாக் காரமும் சேர்ந்த கூழைக் குழிகளில் ஊற்றினேன். தேன் நிறம் மெல்லப் பால் நிறமாவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்பா கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை.

மறுநாள் காலை பலகையை வாங்க வந்த மாரப்பன், நான் வாயைத் திறப்பதற்குள், வெல்லத்தைத் தட்டும் பழக்கத்தில் அதைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டிவிட்டார். கட்டிகள் களியாக விழுந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கடலையெண்ணெய் சோப்பு இறுக நாளாகும் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். அவர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னும் தூக்கம் தெளியலையாட்டம் இருக்குதுங்க, சாமி."

தேங்காயெண்ணெய்

பட்டது போதுமென்று, அடுத்த முறை தேங்காயெண்ணெயில் செய்து, மரப்பெட்டியில் ஊற்றி, பக்கமே போகாமல் இருந்தேன். தேங்காயெண்ணெய்க்குப் பொறுமை கிடையாது. சீக்கிரமே இறுகிவிடும், சற்று இளகலாக இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும். அண்ணி அரிவாளை வைத்து அழுத்தியபோது சோப்பு வெட்டுப்படவில்லை, நொறுங்கிச் சிதறியது. கொட்டகை முழுக்க வெள்ளைத் துண்டுகள். அண்ணி மடியில் விழுந்ததைத் தட்டிவிட்டபடி சொன்னார்: "முந்தி தொட்டோம்னு கோவிச்சுக்கிச்சு, இப்பத் தொடலீன்னு கோவிச்சுக்குது. அச்சு அசலா உங்க அண்ணனேதான், அம்மிணி."

ஆலாத்தி

திருச்செங்கோட்டுக் கடைக்காரர் ஒருவர், மஞ்சள் சோப்பாக இருந்தால் பொங்கலுக்குத் தம் கடையில் வைப்பதாக அண்ணியிடம் சொல்லியனுப்பினார். இரண்டு எண்ணெயையும் கலந்து, நல்ல விரலி மஞ்சளை இடித்துச் சேர்த்தேன். ஒரு கிண்டுதான். சட்டி முழுக்க ரத்தச் சிவப்பு. மஞ்சளில் காரம் பட்டால் சிவக்கும் என்று கல்லூரியில் காகிதத் துண்டில் பார்த்தவள் நான். மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைத்துக் கல்யாணந்தோறும் ஆலாத்தி எடுத்தவர் அண்ணி. சட்டியில் பார்க்கும்வரை இருவருக்கும் அது நினைவு வரவில்லை.

இந்த முறை மாரப்பனிடம் மறுபடி வாங்கிய அச்சிலிருந்து கட்டிகள் அழகாகக் கழன்றன. அதைப் பார்த்து மகிழ ஆளில்லை. நேரில் பார்க்க வந்த கடைக்காரர், "மஞ்சக் கேட்டா ஆலாத்தித் தண்ணியக் கட்டி பண்ணி வெச்சிருக்கறீங்க?" என்றார். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "காயக் காய மஞ்சளாயிருமுங்க" என்றது. அது என் குரல். நிச்சயமாகத் தெரிந்து சொல்லவில்லை. காற்றும் வெளிச்சமும் பட்டால் மாறலாம் என்று ஒரு நம்பிக்கை. அவர் கதவைப் பார்த்துச் சொன்னார்: "பொங்கச் சந்தைக்கு முன்னால வாரேனுங்க. மஞ்சளாயிருந்தா என் கடைக்கு, செவப்பாவே இருந்தா உங்க வாசல்ல ஊத்தறதுக்கு."

சன்னலோரம்

கட்டிகளைச் சன்னலோரப் பலகையில் பரப்பினேன். மார்கழிப் பனியில் வெளியே கடலைக்காடு இருக்கிற இடமே தெரியாது. பனி விலக விலக வெளிச்சம் பலகைமேல் ஊர்ந்து வரும். சிவப்பு செங்கல் நிறமாயிற்று. பிறகு செவ்விளநீர் நிறம். பிறகு, நான் கண்ணை எடுத்தால் நின்றுவிடுமோ என்று பயப்படும்படி, உள்ளேயிருந்து ஒரு மஞ்சள் மெல்ல எழுந்து வந்தது. நாள் முழுக்க அதையே பார்த்திருந்தேன். கனவில் இருப்பவளுக்குக் கை நினைவு ஏது? கட்டிகளை ஒரு தடவைகூடத் திருப்பி வைக்கவில்லை.

கடைக்காரர் வந்தார். கொட்டகையில் மஞ்சள் வரிசையைக் கண்டதும் முகம் மலர்ந்தது. ஒன்றை எடுத்துத் திருப்பினார். வெளிச்சம் படாத அடிப்பக்கம், ஊற்றிய அன்றிருந்த அதே சிவப்பு. இன்னொன்றைத் திருப்பினார், அதுவும் அப்படித்தான். கதவுக்குப் பின்னால் எனக்குக் கண் கலங்கியது. கடலை மூட்டைகள் வரிசையாக உள்ளே வருவதுபோல் கண்முன் தெரிந்தது.

அவர் கட்டியை இப்படியும் அப்படியும் புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அண்ணியிடம் சொன்னார்: "ஒரு மொகம் மஞ்ச, ஒரு மொகம் குங்குமம். பொங்கலுக்கு எந்தப் பொம்பள இத வேண்டாம்பா? அத்தனையும் கட்டுங்க. ஆனா ஒண்ணு, அடுத்த தடவையும் இதே மாதிரி ரெண்டு மொகமா வரோணும், சொல்லிப்போட்டேன்."

கொட்டகை என்னிடமே தங்கிவிட்டது. அன்றிலிருந்து, மறந்துபோய்ச் செய்த ஒன்றை மறக்காமல் செய்வதே என் தொழிலாயிற்று.