பெயரோடு போட்ட ஜெபக்குறிப்பு

என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அவளுடைய ஒரே நெருங்கிய தோழியை இழக்கப் பார்த்தாள். காரணம் சண்டை இல்லை, ஒரு ஜெபம். நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நாங்கள் ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டுக்குப் போகும் வழியில் குடியிருக்கிறோம். கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் டைம் ஆபீசில் எனக்கு வேலை. யார் எந்த ஷிப்டுக்கு வந்தார்கள், யாருக்கு எவ்வளவு ஓ.டி. என்பதையெல்லாம் சரிபார்த்து அனுப்ப வேண்டும். என் கணவர் வேறொரு கம்பெனியில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறார். எங்கள் ஆலயம் சிறியது. ஞாயிறு ஆராதனைக்குச் சிலர் கம்பெனி யூனிஃபார்மோடு வந்து பின்வரிசையில் உட்காருவார்கள். பிரசங்கம் நீண்டால் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஆயர் அதைப் பார்த்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரம் இருக்குது, உக்காருங்க" என்பார்.

மகளும் தோழியும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். தோழியின் வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவள் அம்மா ஒரு கம்பெனியில் வயர் பொருத்தும் லைனில் இருக்கிறாள், அப்பா இல்லை. கிறிஸ்துமஸுக்கு முன் எங்கள் வீட்டில் கல்கல் பலகாரம் சுடும்போது தோழி வந்து உட்கார்ந்துவிடுவாள். முள்கரண்டி முதுகில் மாவை வைத்து உருட்டுவதில் என் மகளைவிட அவளுக்குத்தான் கை வேகம். பொங்கலுக்கு என் மகள் அங்கே போவாள். படைத்ததை அவள் சாப்பிடமாட்டாள் என்பது தோழியின் அம்மாவுக்குத் தெரியும்.

"சாமிக்கு வெக்கிறதுக்கு முன்னாடியே உனக்கு எடுத்து வெச்சிட்டேன். தைரியமா துன்னு. உங்க ஆண்டவரு கோச்சிக்க மாட்டாரு" என்பாள்.

"எங்க சாமியே வெயிட் பண்ணுது, இவளுக்கு ஃபர்ஸ்ட் படையல்" என்று தோழி சிரிப்பாள்.

என் மகளின் பக்தி நான் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. காலையில் எழுந்ததும் முழங்கால் போடுவாள். ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லுவாள். சனிக்கிழமை மாலை வாலிபர் ஐக்கியக் கூட்டத்துக்குத் தவறமாட்டாள். கல்லூரியில் இதற்காக அவளை 'பாஸ்டரம்மா' என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்களில் முதல் ஆள் தோழிதான்.

ஜெபக்குறிப்பைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஒருவர் தன் தேவையைச் சொல்லுவார், மற்றவர்கள் அதை வைத்து ஜெபிப்பார்கள். முன்பெல்லாம் துண்டுச்சீட்டில் எழுதி ஆயரிடம் கொடுப்போம். இப்போது போனில் ஒரு குழு இருக்கிறது. வாலிபர் ஐக்கியத்தின் செயலாளர் அதில் ஒரு விதி வைத்திருந்தார். 'ஒரு சகோதரியின் சுகத்துக்காக' என்று மொட்டையாகப் போடக்கூடாது, பெயரும் காரியமும் வேண்டும். "யாருக்கு, எதுக்குன்னு தெரிஞ்சாதான் நமக்கு அந்த பாரம் வரும்" என்பார். அந்த விதி எனக்கும் சரியாகத்தான் பட்டது. பெயர் போடாத லீவ் லெட்டரை நானும் வாங்குவதில்லை.

மழைக்காலம் அது. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி வருவதாகச் செய்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கல்லூரி பஸ்ஸின் கடைசி இருக்கையில் வைத்துத் தோழி என் மகளிடம் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறாள். குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. இரண்டு மாதமாகவே இருக்கிறது. டாக்டரிடம் போகப் பயம்.

"யார்கிட்டயும் சொல்லாத. உங்கம்மாகிட்ட கூட. எங்கம்மாக்குத் தெரிஞ்சா அழுதே காலேஜை நிறுத்திடும். சத்தியம் பண்ணு."

"சத்தியம்லாம் பண்ணக்கூடாது. சொல்லமாட்டேன்னா சொல்லமாட்டேன்டி."

அவள் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இருக்கும் எனக்குக்கூடத் தெரியாது. ஆனால் அன்று மாலையே ஜெபக்குழுவில் போட்டாள். தோழியின் பெயர், மார்பில் கட்டி, கேன்சராக இருந்துவிடக் கூடாது, பயம் நீங்க வேண்டும். விதிப்படி எல்லாம் இருந்தது. வரிசையாக 'ஆமென்' வந்தது. சிலர் வெள்ளிக்கிழமை உபவாசம் எடுப்பதாக எழுதினார்கள். தன் பயத்தைத் தூக்க இத்தனை பேர் கைகொடுக்கிறார்கள் என்று அவளுக்கு நிம்மதியாக இருந்ததாம். ஆளிடம் சொன்னால்தான் சொன்னதாகும், ஆண்டவரிடம் கேட்பது வேறு என்றே அவள் நினைத்திருந்தாள்.

குழுவில் இருந்த ஒரு பையன் தன் அம்மாவிடமும் ஜெபிக்கச் சொல்லியிருக்கிறான். அந்த அம்மாள் தோழியின் அம்மாவோடு ஒரே கம்பெனி பஸ்ஸில் போகிறவள்.

அடுத்த வாரம் ஒரு மாலை, நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தோழியின் அம்மா வாசலில் வந்து நின்றாள். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருக்கிறாள், ஓவர்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, உன் பொண்ணக் கூப்புடு."

"என்னாச்சு? உள்ள வாம்மா."

"வரல. அந்தம்மா பஸ்ல என் கையப் புடிச்சிகினு சொல்லுது, கவலப்படாத, உன் பொண்ணுக்கு மார்ல கட்டின்னதும் நாங்கல்லாம் உபவாசம் இருந்தோம்னு. எனக்குத் தெரியாதுக்கா! பெத்தவ எனக்குத் தெரியாது, பஸ்ஸுக்கே தெரிஞ்சிகீது."

மகள் உள்ளிருந்து வந்தாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லல ஆன்ட்டி. ஜெபத்துக்குத்தான் போட்டேன்."

"போட்டேன்ற இல்ல? அது போதும். நாளைக்கு ஒரு மாப்ள வூட்டுக்காரன் வந்து கேட்டா நான் இன்னா சொல்றது? கட்டி இருந்துச்சு, ஜெபம் பண்ணாங்க, பூடுச்சுன்னா?"

என் கணவர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. திரும்பி நடந்தவள் தெருமுனையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டது எங்களுக்குத் தெரிந்தது. எனக்கு விஷயமே அப்போதுதான் புரிந்தது. மகளைத் திட்ட வாயெடுத்தேன். அவள் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு அரிசியை அடுப்பில் ஏற்றப் போனேன்.

மறுநாளிலிருந்து தோழி கல்லூரி பஸ்ஸில் முன்பக்கம் உட்கார்ந்தாள். மகள் அனுப்பிய செய்திகளைத் திறக்கவே இல்லை. பொறுக்கமுடியாமல் மகள் அவள் வீட்டுக்கே போனாள். கதவு திறக்கவில்லை, ஜன்னல் கம்பி வழியாகத்தான் பேச்சு.

"சாரி சொல்லாத. யாராருக்குத் தெரியும், அத மட்டும் சொல்லு."

"குரூப்ல இருக்கறவங்களுக்கு."

"அப்புறம்?"

"சில பேரோட அம்மாங்களுக்கு."

"அப்புறம்?"

மகள் விரல்விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். "தெரியாது இல்ல? கெளம்பு" என்று ஜன்னலைச் சாத்திவிட்டாள் தோழி.

அந்த நாட்களில் மகள் வீட்டில் அதிகம் பேசவில்லை. காலையில் முழங்கால் போடுவது மட்டும் நிற்கவில்லை, ஆனால் தூக்கம் வராமல் சீக்கிரமே எழுந்துவிடுவாள். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "ஆண்டவருக்கு அவ பேரு தெரியாதாம்மா? நான் எதுக்கு டைப் பண்ணேன்?" தலையணை உறையைத் திருப்பிப் போடச் சொன்னேன்.

தோழியை அவள் அம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஸ்கேன் எடுத்தார்கள், ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். முடிவை எனக்குச் சொன்னது அவள் அம்மாவே, காய்கறிக் கடையில். "சாதாக் கட்டியாம்க்கா. இந்த வயசுப் பொண்ணுங்களுக்கு வருமாம். எடுத்தாலும் எடுக்கலாம், வுட்டாலும் வுடலாமாம்." என்னையறியாமல் "ஸ்தோத்திரம்" என்றேன். அவள் கொத்தமல்லியைப் பையில் வைத்துக்கொண்டு, வழக்கமாகப் பேசும் பேச்சு எதுவும் பேசாமல் போனாள். வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள்.

பஸ்ஸில் அந்தப் பையனின் அம்மா திரும்பவும் விசாரித்திருக்கிறாள். "ஒண்ணும் இல்லையாம்" என்று சொல்லி அவள் வாயை அடைத்திருக்கிறாள் தோழியின் அம்மா. அது சபைக்கு வந்து சேர்ந்தது. செயலாளர் என் மகளுக்கு போன் செய்தார். ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றார். கேட்டது கிடைத்தால் சபை நடுவில் நன்றி சொல்வது எங்கள் வழக்கம். "கேட்டு வாங்கிட்டு வாய மூடிகினு இருக்கலாமாம்மா?" என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது.

"பேரச் சொல்லாத. நன்றி மட்டும் சொல்லிட்டு உக்காந்துடு" என்றேன் நான்.

"குரூப்ல பேரோட போட்டாச்சு. இப்போ பேரு சொல்லலன்னா யாருக்கும் தெரியாதாம்மா? நான் எழுந்து நின்னு அவ கட்டியப் பத்திப் பேசினேன்னு அவ காதுக்குப் போச்சுன்னா அவ்ளோதான். அப்புறம் ஜென்மத்துக்கும் பேசமாட்டா."

"காய்ச்சல்னு சொல்லிட்டு வூட்லயே இருந்துடு" என்றார் என் கணவர்.

"ஞாயித்துக்கிழமை அன்னிக்குப் பொய் சொல்லச் சொல்றியாப்பா?"

"சனிக்கிழமையே சொல்லிடலாம். எனக்கு லீவுதான்."

அவள் சிரித்தாள். பல நாட்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது. ஆனால் என்ன செய்யப்போகிறாள் என்று எங்கள் இருவரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு பெண்கள் பக்கம், என் அருகில்தான் உட்கார்ந்தாள். ஆயர் சாட்சி சொல்ல விரும்புகிறவர்களை அழைத்தார். ஒருவர் மகனுக்கு வேலை நிரந்தரமானதைச் சொன்னார். பிறகு செயலாளர் திரும்பி என் மகளைப் பார்த்தார். அவள் எழுந்தாள். முன்னாலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் குரூப்ல ஒரு ஜெபக்குறிப்பு போட்டிருந்தேன். அது என் காரியம் இல்ல. இன்னொருத்தவங்க என்ன நம்பிச் சொன்னது. அவங்களக் கேக்காம போட்டுட்டேன். அதனால சாட்சி சொல்ல எனக்கு உரிமை இல்ல. அந்த மெசேஜ உங்க போன்லருந்து அழிச்சிடுங்க. அவங்க வீட்டாள எங்க பாத்தாலும், பஸ்ல பாத்தாலும், தயவுசெஞ்சு அதப் பத்திக் கேக்காதீங்க. நீங்க ஜெபிச்சதுக்கு நன்றி."

முன்வரிசையில் காது மந்தமான ஒரு பெரியவர், சாட்சி முடிந்தது என்பதை மட்டும் கண்டுகொண்டு, பழக்கத்தில் "அல்லேலூயா!" என்றார். பின்னால் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். ஆயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "அந்தப்படியே செய்வோம்" என்றார். பாட்டு எண்ணை அறிவித்தார். வெளியே வரும்போது செயலாளர் என்னிடம், "பொண்ணு கொஞ்சம் நேராப் பேசிட்டா, சபை நடுவுல வேணாமா இருந்துச்சு" என்றார். பஸ்ஸில் சொன்ன அம்மாள் எனக்கு வழக்கமாகச் சொல்லும் 'பிரைஸ் த லார்ட்' சொல்லாமல் போய்விட்டாள். அதற்குப் பிறகும் சில மாதங்கள் அப்படித்தான் இருந்தாள். குழுவில் பெயர் போடும் விதியை எடுத்துவிட்டார்கள், ஆனால் உடனே இல்லை.

மத்தியானம் சாப்பிட்டதும் மகள் தோழி வீட்டுக்குக் கிளம்பினாள். வேறு யாராவது போய்ச் சொல்வதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்றாள். மறுபடியும் ஜன்னல் கம்பிதான். யார் யாருக்குத் தெரியும் என்று தன்னால் முழுதாகச் சொல்லமுடியாது, அதனால் எல்லோரையும் ஒரே இடத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறாள்.

"சபைல எழுந்து நின்னா சொன்ன? எல்லார் முன்னாடியுமா?" தோழி.

"ம்."

"அப்போ இதுவரைக்கும் தெரியாதவனுக்கும் இப்போ தெரிஞ்சிருக்குமேடி, லூசு."

இது என் மகளுக்குத் தோன்றவே இல்லை.

"கட்டின்னு சொன்னியா?"

"சொல்லல."

"என் பேரு?"

"சொல்லல."

"சாட்சி?"

"அதுவும் சொல்லல."

பிறகு தாழ்ப்பாள் நீங்கும் சத்தம் கேட்டது. "உள்ள வந்து தொல, பாஸ்டரம்மா. வாசல்ல நின்னா கொசு கடிக்கும்." அவள் அம்மா அப்போது ஷிப்டில் இருந்தாள். அந்த அம்மாவின் கோபம் தணிய இன்னும் நாளானது.

பரீட்சை விடுமுறையில் கட்டியை எடுத்துவிடுவதென்று தோழி முடிவுசெய்தாள். ஆஸ்பத்திரிக்கு அம்மாவோடு என் மகளையும் வரச்சொன்னாள். திரும்பி வந்த மகளிடம், எந்த டாக்டர், எத்தனை தையல் என்று கேட்டேன். "அவளக் கேட்டுக்கோம்மா" என்று கைகழுவப் போய்விட்டாள். முதலில் சுருக்கென்றது. நான் வேறு யாரிடமும் விசாரிக்கவில்லை.

இதை எழுதியதும் தோழியிடமே படிக்கக் கொடுத்தேன். கட்டிலில் சாய்ந்துகொண்டு என் போனிலேயே கடைசிவரை படித்தாள். பெயர் எங்கேயும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள்.

"போடுங்க ஆன்ட்டி. ஆனா அன்னிக்கு வீட்டுக்கு வந்து எங்கம்மா இதவிட ஜாஸ்தி திட்டிச்சு. இன்னும் கொஞ்சம் சேத்துக்கோங்க."

என் காதில் விழுந்தது அவ்வளவுதான் என்றேன். மற்றதை அவள் சொல்லத் தொடங்கினாள், மகள் அவள் வாயைப் பொத்தினாள்.