ரூம் நம்பர் எழுதிய பாட்டில்கள்

நேற்று கூரியரில் ஓர் அழைப்பிதழ் வந்தது. ஐந்தருவிப் பக்கம் புதிதாகக் கட்டியிருக்கிற ரிசார்ட்டில் ‘பசுமைக் கிறிஸ்துமஸ்’ கொண்டாடுகிறார்களாம். அழைப்பிதழை விதைத்தாளில் அச்சடித்திருந்தார்கள். கிழித்து மண்ணில் போட்டுத் தண்ணீர் விட்டால் துளசி முளைக்குமாம். அந்தத் தாளுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்கு மேல் குமிழ் குமிழாக இன்னொரு பிளாஸ்டிக், அதற்கும் மேல் கூரியர்க்காரரின் பை. மூன்றையும் உரிக்கக் கத்தரிக்கோல் தேட வேண்டியதாயிற்று. துளசி எப்படித்தான் மூச்சுவிட்டதோ.

தாளை முகர்ந்து பார்த்தேன். எதையும் முகர்ந்து பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. காயாத துணியின் வாடை. குற்றாலத்து லாட்ஜ் துண்டுகளுக்கு மழைக்காலத்தில் இதே வாடைதான். வெயிலே எட்டிப் பார்க்காத வாரங்களில் துண்டுகளைத் துவைத்து, உலர்த்தி, மடித்து, அதே ஈரத்தோடு அடுத்த விருந்தாளிக்குக் கொடுப்போம். நான் அப்படியொரு லாட்ஜில் இரண்டு வருஷம் வரவேற்பாளராக இருந்தேன். வரவேற்பாளர் என்பது பெயர்தான். சாவி எடுத்துக் கொடுப்பதும், குரங்கு தூக்கிப்போன மூக்குக்கண்ணாடிக்காக மன்னிப்புக் கேட்பதும்தான் வேலை.

எங்கள் பக்கம் சீசன் என்றால் ஆனியும் ஆடியும்தான். சாரல் அடிக்கும், அருவியில் நிற்க இடமிருக்காது. டிசம்பரில் விழுவது வேறு தண்ணீர். செம்மண் நிறத்தில், கல்லையும் கட்டையையும் உருட்டிக்கொண்டு வரும். போலீஸ்காரர் கயிறு கட்டிவிடுவார். இது தெரியாமல் கிறிஸ்துமஸ் லீவுக்கு வெளியூர்க்காரர்கள் வந்து இறங்குவார்கள். குளிக்க முடியாதவர்களை அறைக்குள் எத்தனை நேரம் உட்காரவைப்பது? அப்போதுதான் எங்கள் முதலாளிக்குச் சுற்றுச்சூழல் மீது பாசம் பொங்கியது.

“ஏலே, இப்பம்லாம் இயற்கைன்னு சொன்னாத்தான் ஆளு வருது. பிளாஸ்டிக் இல்லாத கிறிஸ்துமஸ்னு ஒண்ணு வைப்போம். நீ நல்லா எழுதுவேல்லா, ஒரு பேச்சு எழுதித் தா.”

எழுதித் தந்தேன். ‘இயற்கை அன்னையின் மடியில்’ என்று ஆரம்பித்தேன் என்பதை இப்போது சொல்லக் கூசுகிறது. பிளாஸ்டிக் மரம் கூடாது என்று முதலாளி தன் தோட்டத்தில் நன்றாக வளர்ந்து நின்ற ஒரு சவுக்கு மரத்தை வெட்டிக் கொண்டுவந்து நட்டார். சீரியல் விளக்கு கூடாது என்று மெழுகுவத்திகள் வாங்கினார். மைக்குக்காகப் பின்னால் ஜெனரேட்டர் கரும்புகை விட்டுக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் மேலே ஒரு யோசனை. அது என்னுடையது, யாரும் பங்குக்கு வர வேண்டாம். விழாவுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஒவ்வொரு தண்ணீர் பாட்டிலிலும் அழியாத மையில் ரூம் நம்பர் எழுதிக் கொடுப்பது. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுப்பவருக்கு ஒரு வேப்பங்கன்று. பாட்டில்கள் தென்காசிக்கு மறுசுழற்சிக்குப் போகும்.

விருந்தாளிகள் சந்தோஷமாகப் பாட்டிலைக் கொடுத்தார்கள். கன்றைக் கறுப்பு பாலித்தீன் பையோடு வாங்கினார்கள், கன்றோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அறையைக் காலி செய்யும்போது அதைக் குளியலறையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அறைகளைப் பெருக்கித் துடைப்பவர் எஸ்தரக்கா. லாட்ஜுக்குக் கீழே, ஓடைக்கரையில் இருந்த வரிசை வீடுகளில் கடைசி வீடு அவருடையது. வாடிய கன்றுகளை ஒரு வாளியில் அடுக்கி என் மேஜைக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

“தம்பி, இத என்ன செய்ய? பாத்ரூம்ல மரம் வளக்கப் போறாவளோ?”

நான் சிரித்தேன். அந்தக் காலத்தில் எனக்குப் பதில் தெரியாவிட்டால் சிரித்துவிடுவேன்.

பாட்டில் மூட்டைகளை லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்புவதும் என் பொறுப்புதான். முதல் இரண்டு நாள் ஆட்டோ போய்த் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மூன்றாம் நாளிலிருந்து பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டது. குற்றாலத்திலிருந்து தென்காசிக்குப் பத்து நிமிடத்தில் போய், மூட்டையை இறக்கி, திரும்பியும் வர முடியாது. அது எனக்குத் தெரியும். டிரைவரிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவானோ என்ற பயம்.

விழாவுக்கு முந்தின நாள் மலையில் பேய்மழை. லாட்ஜின் பின்புறச் சரிவில் டிரைவர் கொட்டியிருந்த மூட்டைகள் பிரிந்து, பாட்டில்கள் ஓடையில் இறங்கி, வரிசை வீடுகளுக்குப் பக்கத்திலிருந்த சின்னப் பாலத்தின் வாயில் போய் அடைத்துக்கொண்டன. தண்ணீருக்குப் போக வழியில்லை, வீடுகளுக்குள் ஏறிவிட்டது.

இருபத்துநாலாம் தேதி காலை பதினோரு மணிக்கு விழா. புல்தரையில் பந்தல். தென்காசியிலிருந்து ஓர் அதிகாரி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதலாளி நான் எழுதிய பேச்சைக் கண்கலங்க வாசித்துக்கொண்டிருந்தார். அப்போது எஸ்தரக்கா வந்தார். சேலையில் முழங்கால் வரைக்கும் சேறு. தோளில் ஒரு உரச்சாக்கு. கேட்டில் நின்ற காவலாளி தடுக்கப் போனவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கினார். நேராக மேடைக்கு முன்னால் வந்து, விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தின் மேல் சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

சேற்றுத் தண்ணீரோடு பாட்டில்கள் உருண்டன. ஒவ்வொன்றிலும் நம்பர்.

“என்னம்மா இது?” என்றார் அதிகாரி.

“எங்க வீட்டுக்கு வந்த கிறிஸ்மஸ் பரிசுய்யா. வாசல்ல வந்து அடைச்சு, வீடெல்லாம் தண்ணி. முறுக்குக்கு இடிச்சு வச்ச மாவு போச்சு. என் மவ பவுடர் போட்டு மடிச்சு வச்சிருந்த புதுப் பாவாட சேத்துல கெடக்கு. நாளைக்கு அவ எதப் போட்டுக்கிட்டுக் கோயிலுக்குப் போவா?”

முதலாளி மைக்கை விடவில்லை. “ஆருலே இவள உள்ள விட்டது?” என்று அதிலேயே கேட்டார். பந்தல் முழுக்க அது எதிரொலித்தது.

பதினாலாம் நம்பர் அறைக்காரர் எழுந்து, காலடியில் கிடந்த ஒரு பாட்டிலை எடுத்துப் பார்த்தார். “இது நாங்க திருப்பிக் குடுத்ததாச்சே. இதுக்குத்தானே கன்னு தந்தீங்க?”

எஸ்தரக்கா இன்னொரு பாட்டிலை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் கேட்டார்.

“தம்பி, இது ஒங்க எழுத்துதான?”

“ஆமாக்கா.”

“நல்ல எழுத்து. வெள்ளத்துல கூட அழியல பாருங்க.”

அவ்வளவுதான். காலிச் சாக்கை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் அவர் அந்த லாட்ஜுக்கு வேலைக்கு வரவில்லை. கீழப்பாவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் சேர்ந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அதிகாரி காபி குடிக்காமல் கிளம்பினார். விருந்தாளிகள் ஒவ்வொருவராக எழுந்து அறைக்குப் போனார்கள். முதலாளி கொஞ்ச நேரம் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேட்டியை மடித்துக்கட்டினார். “வாலே” என்றார். அவரும் நானும் டிரைவரும் ஓடைக்குள் இறங்கினோம். இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் நின்று பாலத்தின் வாயிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். ஏழு. பதினொன்று. மறுபடி ஏழு. என் கையெழுத்தை நானே பொறுக்கினேன். கரையில் வீட்டுச் சாமான்களை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். ஏசியிருக்கலாம், ஏசவில்லை. முதலாளி கடைசிவரை தலையை நிமிர்த்தவேயில்லை. சாயந்தரம் அவர் வாங்கிக் கொடுத்தனுப்பிய புதுப் பாவாடையை எஸ்தரக்கா திருப்பி அனுப்பிவிட்டார். முதலாளி நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. அகப்பட்டுக்கொண்டபோது முகம் கறுக்கத் தெரிந்தவர், அவ்வளவுதான். அடுத்த வருஷம் எங்கள் லாட்ஜில் பந்தலும் இல்லை, பேச்சும் இல்லை.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். லாட்ஜ் கைமாறி, மூன்று மாடி உயர்ந்து, பெயரில் ‘கிரீன்’ என்று ஒரு வார்த்தையும் சேர்ந்திருக்கிறது. ஓடை ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஒரு பக்கம் பாட்டில், ஒரு பக்கம் பாக்குத்தட்டு என்று. பாக்குத்தட்டு மட்கிவிடுமாம், அதனால் ஓடையில் போடலாமாம். வாசலில் நின்ற பையன் இங்கிலீஷ் கலந்து விளக்கினான். ஓடைக்கரைக்கு இறங்கிப் போய்ப் பார்த்தேன். வரிசை வீடுகள் இல்லை. ஆக்கிரமிப்பு என்று இடித்துவிட்டு, அங்கே இருந்தவர்களை எங்கேயோ தள்ளிக் குடியமர்த்தியிருக்கிறார்கள். இப்போது அது கார் நிறுத்துமிடம்.

கீழே யாரும் குடியில்லை. கொட்டுகிறவர்கள் நிம்மதியாகக் கொட்டலாம். அள்ளிக்கொண்டு மேலே ஏறிவர ஆளில்லை.