சட்டைப் பையில் கற்கண்டு

சீனி வருத்தத்துக்கு, அதாவது சர்க்கரை வியாதிக்கு, மாத்திரை தொடங்கி மூன்று மாதம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை வொலிபோல் ஆடும்போது பந்து எனக்கு இரண்டாகத் தெரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முருகன் புண்ணியத்தில் அடி ஒன்றும் படவில்லை.

மறுநாள் மனைவி என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பஸ்ஸில் எனக்கு ஒரே கவலைதான். பொங்கலுக்கு எங்கள் தோட்டத்தில் மேல் லயத்து வீட்டு வரிசைக்கும் கீழ் லயத்து வரிசைக்கும் போட்டி. விளையாடவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டால் என்ன செய்வது?

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"வெள்ளிக்கிழமை விரதங்க. வெறும் தேத்தண்ணிதான்."

"மாத்திரை?"

"அது தவறாம போட்டேங்க."

"வேலை?"

"கவ்வாத்துங்க. மத்தியானம் வரைக்கும் தேயிலைச் செடி வெட்டினேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இவருக்குச் சாமியும் வேணும், பந்தும் வேணும். சோறு மட்டும் வேணாம்" என்றாள் மனைவி.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வெளையாடுங்க, ஒடம்புக்கு நல்லதுதான். ஆனா கவ்வாத்து நாள்லயும் விரத நாள்லயும் வேணாம். சாப்பிட்டுட்டு எறங்குங்க. பையில இனிப்பு வச்சிக்கங்க. கை நடுங்கினா சீனி கொறையுதுன்னு அர்த்தம், ஒடனே நிறுத்திடணும், பாய்ன்ட் பாக்கக் கூடாது. விரதம் இருக்கிறதுன்னா முந்தியே வந்து மாத்திரைய பத்தி கேளுங்க."

போட்டியோ வெள்ளிக்கிழமை. வெட்கத்தை விட்டு, கீழ் லயத்து அணித் தலைவரிடம் போய் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன்.

"நல்லவேளை கேட்டீங்கண்ணே" என்றார். "எங்காளுங்கள்லயும் மூணு பேரு விரதம். நீங்க கேலி பண்ணுவீங்கன்னுதான் வாயத் தொறக்கல."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு இறங்கினேன். சட்டைப் பையில் கோயிலில் கொடுத்த கற்கண்டு. கடைசி செட்டில் இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு, சர்வீஸ் என்னுடையது. பந்தைத் தூக்கினேன், கை லேசாக நடுங்கியது. இருபது வருடமாக சர்வீஸ் போட்ட கை. ஒரு தரம் போட்டுப் பார்க்கலாமா என்றுதான் மனசு கேட்டது. முருகா என்று சொல்லி, பந்தைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து கற்கண்டை வாயில் போட்டேன்.

தோற்றுப்போனோம்.

மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள். "எனக்கும் ஒன்னு குடுங்க. பாத்துக்கிட்டு இருந்ததுலயே எனக்குக் கை நடுங்குது."