ரஷ்யாவுக்கு ஆள் எடுத்த மாமா

முதன்முதலாக விண்வெளிக்குப் போன பெண் எங்கள் வீட்டில் என் கணக்குக் கொப்பிக்கு உறையாக இருந்தார். ரஷ்யச் சஞ்சிகைகளின் வழவழப்பான தாள் உறை போட நல்லது. கணக்கு எனக்கு ஏறவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பும் நின்றுபோனது. ஆனால் அந்த உறையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன். நானும் போகப்போவதாக எங்கள் தீவுக் கிராமமான சுருவில் முழுவதும் சொல்லித் திரிந்தேன்.

அந்த வருஷம் தீவுக்கு மண்ணெண்ணெய் வரவில்லை. மாமாவின் தண்ணீர் இறைக்கும் மிசின் சாக்கு மூடிக் கிடந்தது. வெங்காயம் வாடத் தொடங்கியதும், கைவிட்டிருந்த கிணற்றுத் துலாவுக்குப் புதுக்கயிறு கட்டினார். உயரத்தில் கிடக்கும் அந்த நீள மரத்தில் ஒருவர் ஏறி முன்னும் பின்னும் நடந்தால்தான் கீழே வாளி இறங்கி ஏறும். முன்பு அதை மிதித்த பக்கத்து வீட்டு அண்ணை ஜேர்மனிக்குப் போய்விட்டார்.

“பிள்ளை, விண்வெளிக்குப் போறவைக்கு முதல் என்ன பழக்கிறவை தெரியுமே?” என்றார் மாமா. “உயரத்தில நடக்க. உன்ர கொப்பியில இருக்கிற மனிசியும் துலா மிதிச்சுத்தான் போனவ.”

“ரஷ்யாவில துலா இருக்கோ?”

“பின்ன, அவையள் தண்ணி குடிக்கிறேல்லையே?”

அதற்குமேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. என் பாரம் போதாதென்று துலாவின் வால்பக்கம் ஒரு கல்லைக் கட்டினார். முதலில் மரத்தைக் கட்டிப்பிடித்து ஊர்ந்தேன். பிறகு நடந்தேன். உள்ளங்கால் உரிந்தது, வேப்பெண்ணெய் பூசிக்கொண்டேன். ஒரு கிழமை, ஏழு நாளும், விழாமல் மிதித்தால் தெரிவு செய்வார்களாம். அம்மாவுக்குத் தெரிந்தால் எல்லாம் முடிந்தது. பெண்பிள்ளைகள் துலாவில் ஏறும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை.

கடைசி நாள் அம்மா தேத்தண்ணீரோடு வந்துவிட்டார்.

“இறங்கடி கீழ!”

“அக்கா, பிள்ளை ரஷ்யாவுக்கெல்லே பழகுது.”

“உன்ர வெங்காயத்துக்கு என்ர பிள்ளையை விழுத்தப் போறியோ?”

“இன்னும் கொஞ்சப் பாத்திதான். தனிய ஏலாது அக்கா.”

அம்மா காய்ந்த பாத்திகளைப் பார்த்தார். கல்லைக் கழற்றச் சொன்னார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நான் இறங்கிய வழியால் ஏறினார். முதல் அடியில் தடுமாறி, “ஐயோ” என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல் நடந்தார். நான் மிதித்ததைவிட வேகமாகத் தண்ணீர் ஓடியது.

நான் கிணற்றடியில் இருந்து அழுதேன். இனி அம்மாவைத்தானே தெரிவு செய்வார்கள்.

“ராக்கட்டில ரண்டு பேர் இருக்கலாம், அழாதை,” என்று மாமா தேற்றினார்.

கடைசிப் பாத்தியும் நிறைந்தது. “காணும் அக்கா, இறங்குங்கோ,” என்று மாமா கூப்பிட்டார். அம்மா இறங்கவில்லை. துலாவின் நடுவில் நிமிர்ந்து நின்று, வேலிகளையும் கூரைகளையும் பார்த்தார். பிறகு கடலையும் அதற்கப்பால் அனலைதீவுப் பனைகளையும் பார்த்துக்கொண்டே நின்றார். வேலை முடிந்தும் என் இடத்தை விடுகிறாரில்லையே என்று எனக்குக் கோபம். தான் பிறந்து வளர்ந்த ஊரை அம்மா அன்றுதான் முதன்முதலாக மேலிருந்து பார்க்கிறார் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.