சுவரை ஒட்டி நின்ற வேன்

ஐஸ் உருகிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று "ஆச்சா, ஆச்சா" என்று கேட்டால் எனக்குக் கை ஓடாது. அன்றைக்கு அம்மைத் தடுப்பூசி டாக்டர் அதைத்தான் செய்தார்.

பிரெஞ்சுக்காரர்கள் போய் ஓரிரண்டு வருஷம் இருக்கும். அவர்கள் விட்டுப்போன வேன் ஒன்று புதுச்சேரியில் தடுப்பூசி வேலைக்கு இருந்தது. உள்ளே கட்டில், அலமாரி, காஸில் ஓடும் சின்ன ஃப்ரிட்ஜ். ஊரில் அதை ஃப்ரிகோ என்பார்கள். மழைக்காலம் முழுக்க வேன் ஷெட்டில் சும்மா கிடந்தது. கடலோரக் குப்பங்களில் அம்மை கண்டதும் வெளியே எடுத்தார்கள். மருந்து மதராஸிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்து இறங்கிவிட்டது. ஃப்ரிகோ பற்றவில்லை. உப்பளம் பகுதியில் கடை வைத்து ஸ்டவ், காஸ்லைட் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள்.

இப்போதைய மெக்கானிக்குகளுக்கு இந்த ஃப்ரிட்ஜ் தெரியாது. மோட்டார் கிடையாது. அடியில் சின்ன நெருப்பு எரிந்தால் மேலே குளிரும். பற்றவைத்த உடனே குளிராது, பல மணி நேரம் பிடிக்கும். மதியத்துக்குள் பற்றினால்தான் ராத்திரிக்குள் மருந்தை அதற்குள் மாற்றலாம். அதுவரை ஐஸ் தாங்க வேண்டும். புது ஐஸ் போட்டு ஒருநாள் ஒப்பேற்றலாம். குப்பம் குப்பமாக வெயிலில் சுற்றப் போகிற வேனுக்கு அது ஆகாது. பெட்டி மூலையிலிருந்து ஏற்கனவே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சிலிண்டர்ல காஸ் இல்லண்ணே, அதான்" என்றான் டிரைவர் தணிகாசலம்.

தூக்கிப் பார்த்தேன். கனம் இருந்தது. ட்யூபைக் கழற்றினால் சீறியது.

"அப்ப ஜெட்டுல அடப்புண்ணே."

காஸ் பீச்சும் ஜெட்டைக் கழற்றி ஸ்பிரிட்டில் ஊறவைத்து ஊதினேன். ஊசி போட்டுக் குத்தக் கூடாது, ஓட்டை பெரிதாகிவிடும். திரும்ப மாட்டித் தீக்குச்சி வைத்தேன். 'பொத்' என்று நீலமாகப் பற்றியது, மஞ்சளாக நாக்கை நீட்டியது, அணைந்தது. மறுபடி வைத்தேன். மறுபடி அணைந்தது.

"ரெகுலேட்டரா இருக்கும்ணே. மாத்திப் பாருங்களேன்."

அதையும் மாற்றினேன். அதே கதை. சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. வேனுக்குள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது, உட்காரவும் இடமில்லை.

டாக்டர் தலையை உள்ளே நீட்டினார். "முடியுமா முடியாதா, அத சொல்லுய்யா. முடியாதுன்னா மருந்த கடல்ல கொட்டிட்டு நான் வூட்டுக்குப் போறேன்."

"கொட்டுங்க முசியே. நானும் வூட்டுக்குப் போறேன்."

அவர் தலையை வெளியே இழுத்துக்கொண்டார். ஆனால் நகரவில்லை.

சிலிண்டரை இறுக மூடினேன். கதவைத் திறந்துவைத்துக் காஸ் வாடை போகும்வரை காத்திருந்தேன். பிறகு பீடி பற்றவைத்துப் பர்னர் பக்கம் புகை விட்டேன். புகை மேலே ஏறவில்லை, என் மூஞ்சிக்கே வந்தது. புகைக்குழாய் அடைத்திருக்கிறது. புகை போக வழியில்லாவிட்டால் நெருப்பு மூச்சுமுட்டிச் சாகும். குழாயின் வாய் வேனுக்கு வெளியே, இடது பக்கம் இருந்தது. அந்தப் பக்கம் காம்பவுண்டு சுவர். நடுவில் கைகூட நுழையாது.

"வண்டிய தள்ளி நிறுத்து."

"பேட்டரி டவுன்ணே."

"காலையில கேட்டுக்குள்ள கொண்டாந்தியே, அப்ப யாரு தூக்கிக்கினு வந்தா?"

ஹேண்ட் பிரேக்கை நானே விடுவித்தேன். நானும் டாக்டரும் தள்ளினோம். தணிகாசலம் கை வைக்கவில்லை.

புகைக்குழாயின் தகர மூடி முழுக்கக் குளவிக் கூடு. மண் பூசி அடைத்திருந்தது. குளவி வெளியே வந்த ஓட்டை இன்னும் இல்லை. ஸ்க்ரூடிரைவரை ஓங்கினேன். தணிகாசலம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"ஒடைக்காதண்ணே. ஒன் கால்ல வுழறேன்."

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னான். அவன் பெண்டாட்டிக்கு இதற்கு முன்னால் இரண்டு கரு கலைந்துவிட்டன. வேன் ஷெட்டில் கிடந்தபோது குளவி கூடு கட்ட ஆரம்பித்தது. அந்த மாதமே அவள் முழுகாமல் இருந்தாள். குளவி கூடு கட்டின வீட்டில் குழந்தை பிறக்கும், தானாகப் பறக்கும்வரை கூட்டைத் தொடக் கூடாது என்று எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். அதனால்தான் சுவரை ஒட்டி நிறுத்தியிருக்கிறான். அதனால்தான் காலையிலிருந்து ஜெட்டு, ரெகுலேட்டர் என்று என்னைச் சுற்ற விட்டிருக்கிறான்.

"இது சர்க்கார் வண்டிடா. சர்க்காருக்கா புள்ள பொறக்கப் போவுது?"

"ஷெட்டுக்கு வாட்ச்மேனும் நான்தாண்ணே. இதுலதான் படுக்கறேன். எனக்கு இதான் வூடு."

டாக்டர் கத்தினார். "குப்பத்துல புள்ளைங்க சாவுது, இவன் குளவிக்குக் காவல் காக்கறான்! ஒடைய்யா நீ!"

டாக்டர் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் அவனை அறைய வேண்டும் போலிருந்தது. ஆனால் அவன் இன்னும் என் மணிக்கட்டை விடவில்லை.

மூடியைப் பார்த்தேன். இரண்டு ஸ்க்ரூ, இரண்டும் துரு. "ஒடச்சா மண்ணு கொழாய்க்குள்ள வுழும். அத எடுக்க இன்னும் அர நாளு ஆவும். சும்மா இருங்க" என்று டாக்டரிடம் சொன்னேன். அது உண்மையும்கூட. மண்ணெண்ணெய் விட்டு, ஊறவிட்டு, மெல்லத் தட்டித் தட்டித் திருகினேன். டாக்டர் ஐஸ் பெட்டிக்கும் எனக்குமாக நடந்தபடி இருந்தார். கடைசியில் மூடி கூட்டோடு முழுசாகக் கையில் வந்தது. தணிகாசலம் அதைத் துண்டில் ஏந்திக்கொண்டு போனான். நன்றிகூடச் சொல்லவில்லை.

தீக்குச்சி வைத்தேன். நெருப்பு நீலமாக நின்றது. பால்பவுடர் டப்பாவில் ஓட்டை போட்டுப் புது மூடி செய்தேன். மருந்தை மாற்றும்போது பெட்டியில் எலுமிச்சம்பழ அளவுக்குத்தான் ஐஸ் மிச்சம். மறுநாள் காலையில் வேன் காலாப்பட்டு பக்கம் கிளம்பிப் போனது.

சில மாதம் கழித்துத் தணிகாசலம் கடைக்கு வந்து பழைய மூடியை மேஜைமேல் வைத்தான். மண்ணில் வட்ட வட்டமாக ஓட்டைகள். அவன் சட்டையில் வசம்பு வாசனை.

"குளவி பறந்துட்ச்சிண்ணே. மூடி ஒனக்கு ஆவும்."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"பொண்ணு."

"மண்ண சொரண்டிட்டுக் குடுக்கறதுக்கு என்னடா கேடு?" என்று கத்தினேன். சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

காஸ் ஃப்ரிட்ஜ் பற்றவில்லை என்று கூப்பிட்டால், அதற்குப் பிறகு நான் உடனே பையைத் திறந்ததில்லை. முதலில் வண்டியைச் சுற்றி வருவேன். ஒரு பக்கம் சுவரை ஒட்டி நின்றால் ஜெட்டைத் தொட மாட்டேன். எவன் நிறுத்தினான் என்று கேட்டு, அவன் வீட்டில் என்ன விசேஷம் என்று விசாரிப்பேன்.