பூண்டுக்குப் பவுடர் பூசினோம்

போன வாரம் ஒரு அம்மா போனில் செல்வராணியை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நியாயமாகப் பார்த்தால் அந்தத் திட்டில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

செல்வராணி யார் என்று சொல்லிவிடுகிறேன். கொடைக்கானலுக்கு மேலே, மேல்மலைக் கிராமம் ஒன்றில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பம். ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் சந்தைக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் காய்கறி கொடுத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போவார்.

இந்த வருஷம் அவரும் அவர் வீட்டுக்காரரும் துணிச்சலாக ஒரு காரியம் செய்தார்கள். வழக்கமாக விளைச்சலை மொத்தமாக எடுத்துக்கொள்ளும் வியாபாரியிடம், இந்தத் தடவை நாங்களே நெட்டில் விற்றுக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். பூண்டு முழுக்க வீட்டுப் பரணில் தொங்குகிறது. அது விற்றால்தான் அடுத்த விதைப்பு. விற்காவிட்டால்? அதே வியாபாரி வாசலில் போய் நிற்க வேண்டும். அவர் வைப்பதுதான் விலை.

பெரியகுளத்தில் தெரிந்தவர் ஒருவர் வெப்சைட் போட்டுக் கொடுத்தார். படங்களை மட்டும் நீங்களே தயார் செய்து அனுப்புங்கள் என்றார். எனக்கு ஒரு லேப்டாப் இருக்கிறது என்ற ஒரே தகுதியை நம்பி, செல்வராணி என்னிடம் வந்தார்.

இமேஜ் எடிட்டிங் சாஃப்ட்வேரை முதன்முதலாகத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? கரண்ட் போன நேரத்தில் அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் நிற்கிற மாதிரி இருக்கும். எல்லாம் இருக்கும்... எது எங்கே என்றுதான் தெரியாது. இடது பக்கம் பிரஷ், ரப்பர், கத்தரி என்று குட்டிக் குட்டிப் படங்கள். வலது பக்கம் லேயர் என்று ஒன்று. ‘இது என்னக்கா?’ என்றார் செல்வராணி. ‘அதைத் தொடாதே’ என்றேன். எனக்குத் தெரிந்த பதில் அவ்வளவுதான்.

யூட்யூபைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டோம். போனில் எடுத்த போட்டோவை அப்படியே ஏற்றினால் பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது. மேல்மலை சிக்னலில் கேட்கவே வேண்டாம். படத்தின் அகலத்தைக் குறைத்துச் சேமித்ததும் சட்டென்று திறந்தது. எங்கள் சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டுமே! அடுத்தது கிராப். ஓரத்தில் எட்டிப் பார்த்த கோழியை வெட்டி எடுத்தோம்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

மலைப்பூண்டை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்டும் தாளுமாகக் கட்டுக்கட்டாகப் பரணில் தொங்கவிட்டு, கெடாமல் இருக்கக் கீழே புகை போடுவார்கள். புகை பட்டுப் பட்டுத் தோல் பழுப்பேறிவிடும். அங்கங்கே கரி ஒட்டியிருக்கும். போட்டோவில் அதைப் பெரிதாகப் பார்த்ததும் எங்கள் இருவருக்கும் ஒரே கூச்சம். பெரிய பெரிய கடைகளின் படங்களுக்குப் பக்கத்தில் இது என்ன, குளிக்காமல் ஸ்கூலுக்கு வந்த பிள்ளை மாதிரி?

ஆரம்பித்தோம். பிரைட்னஸை ஏற்றினோம். மஞ்சளை இறக்கினோம். கரிப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்தோம். பின்னால் தெரிந்த பரணையும் எடுத்துவிட்டு வெள்ளைப் பின்னணி வைத்தோம். பார்த்தால் பூண்டையே காணோம். வெள்ளையில் வெள்ளை கரைந்துவிட்டது. சரி என்று பின்னணிக்கு நீலம் கொடுத்தோம். பூண்டு முத்து மாதிரி ஜொலித்தது. எங்கள் முதுகில் நாங்களே தட்டிக்கொண்டோம்.

படங்கள் வெப்சைட்டில் ஏறியதும் ஆர்டர் குவியும் என்று காத்திருந்தோம். வந்தது அந்தப் போன்தான். மதுரையிலிருந்து.

“மகளுக்குப் பிள்ளை பொறந்திருக்கு. பால் சுரக்கணும்னு மலைப்பூண்டாத் தேடிக்கிட்டு இருக்கேன். புகையில கெடந்த பூண்டு இப்படியா வெள்ளையா இருக்கும்? வடக்கேருந்து லாரியில வர்றத வாங்கி வச்சுக்கிட்டு ஊர ஏமாத்தாதீங்க.”

செல்வராணி போனை வைத்துவிட்டு லேப்டாப்பை மூடினார். திட்டு அவருக்குப் பெரிதில்லை. புகையில் கண் எரிய எரிய, தானே பதம் பார்த்த பூண்டை யாரிடமோ வாங்கி விற்கிற சரக்கு என்று சொல்லிவிட்டார்களே... அதுதான்.

யோசித்துப் பார்த்தால், புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லாரும் முதலில் ஓடுவது அந்த அழிக்கிற ரப்பரிடம்தான். கல்யாண ஆல்பத்தில் மாநிறப் பெண்கள் ஒரே ராத்திரியில் சிவந்துவிடுகிறார்கள். எங்கள் ஊர் லாட்ஜ்களின் வெப்சைட்டில் பனிமூட்டமே கிடையாது, எல்லாப் படத்திலும் நீல வானம். வருகிறவர்கள் அந்தப் பனியைப் பார்க்கத்தானே மலை ஏறி வருகிறார்கள்? பளிச்சென்று இருந்தால்தான் அழகு என்று நமக்கு யார் சொன்னது?

பழைய போட்டோவையே போட்டுவிடலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். இல்லை. ஒவ்வொரு தடவையும் அதே பெயரில், அதே படத்தின் மேலேயே சேமித்திருக்கிறோம். மெமரி நிறைந்துவிட்டது என்று போனிலிருந்தும் அழித்தாகிவிட்டது. ஒரிஜினல் போய்விட்டது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

அப்போதுதான் செல்வராணி முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

“படம் போனா என்னக்கா, பூண்டு பரண்லதான கெடக்கு. வெரசாப் போனா வெளிச்சத்துலயே எடுத்துரலாம்.”

கடைசி பஸ்ஸுக்கு நிற்காமல் அப்போதே கிளம்பிவிட்டார். சாயங்காலம் படம் வந்தது. பரண், புகை, பழுப்புக் கட்டுகள், அவற்றைப் பிடித்திருக்கும் கரி படிந்த ஒரு கை. கை தெரிகிறதே, வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன். அதுவும் இருக்கட்டும் என்றார். அகலத்தை மட்டும் குறைத்தேன். இந்தத் தடவை வேறு பெயரில் சேமித்தேன்!

அந்தப் படத்தை மதுரை அம்மாவுக்கும் அனுப்பினார் செல்வராணி, ஒரு வார்த்தையும் எழுதாமல். ராத்திரிக்குள் அந்த அம்மாவே கூப்பிட்டார். கையைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லையாம். மகளுக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டு, சம்பந்தி வீட்டுக்கும் சேர்த்துக் கேட்டார். இப்போது அவர் சொல்லி, அந்தத் தெருவிலிருந்தே ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள். பரண் இன்னும் காலியாகவில்லை. ஆனால் வியாபாரி வீட்டுப் பக்கம் போகிற பேச்சு இப்போதைக்கு இல்லை.

நான் எழுதும் இந்தப் பத்தியின் மேலே போட என் புதுப் போட்டோ கேட்டு ஆசிரியர் குழுவிலிருந்து வெகு நாளாக நச்சரிக்கிறார்கள். நேற்று ஒன்று எடுத்தேன். லேப்டாப் திறந்தே இருந்தது, ரப்பரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அகலத்தை மட்டும் குறைத்து அனுப்பிவிட்டேன்.

மேலே பாருங்கள்... நரையெல்லாம் ஒரிஜினல்!