தொட்டியில் வேறு மீன்

மீனின் தண்டுவடத்தை வெட்டினால், நரம்புகளைத் தாங்கும் கிளியா செல்கள் அறுந்த இடத்தில் பாலம் கட்டும். அதைப் பிடித்துக்கொண்டு நரம்பு வளர்ந்து சேரும். இதை மாணவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன், மனதார நம்பியதில்லை.

டெல்லி ஆய்வகத்தில் நான் தண்டுவடத்தை வெட்டிய வரிக்குதிரை மீன், வாலை அசைக்க முடியாமல் தொட்டியின் அடியில் கிடந்தது. மே மாத வெயிலுக்குப் பயந்து ஊருக்குப் போய், இரண்டு மாதம் கழித்துத் திரும்பினேன். அந்தத் தொட்டியில் ஒரு மீன் விர்ரென்று நீந்திக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"பையா, மீனை மாத்திட்டீங்களா?" என்று மீன்களுக்குத் தீனி போடும் டெல்லிக்கார அண்ணனிடம் கத்தினேன்.

அவர் மீனின் முதுகைக் காட்டினார். அங்கே என் கத்தி போட்ட கோடு மெலிதாகத் தெரிந்தது.

அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை.